காலையில் எழாத பெட்டி

ரோஸ்லின் செகந்திராபாத்தின் ராணுவப் பகுதியான திருமுல்கேரிக்குப் போய்வர ஆரம்பித்து அன்றோடு ஏழு நாள். கச்சிபௌலியிலிருந்து கம்பெனி கார் ஏழரைக்குக் கிளம்பும். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ராணுவ முகாமின் வாசலை அடைய ஒன்பதாகிவிடும். வாசலில் கைபேசியைக் கொடுத்துவிட வேண்டும். பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். நவம்பரில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு கெடுபிடி இன்னும் கூடியிருந்தது. எல்லாம் முடிந்து, துணைக்கு வரும் ஹவில்தார் லட்சுமணன் அவளை நடத்திக்கொண்டு லாரி நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதே முக்கால்.

லாரியின் முதுகில் ஒரு தகர அறை. ஷெல்டர் என்பார்கள். ஜன்னல் கிடையாது. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, சுவரோடு சுவராக வயர்லெஸ் கருவிகள். அவற்றையெல்லாம் ஆட்டிவைப்பது நடுவில் இருக்கும் ஒரு பச்சைப் பெட்டி. ரோஸ்லினின் கம்பெனி செய்து கொடுத்தது. அதற்குள்ளிருக்கும் கம்ப்யூட்டர் எழுந்தால்தான் மற்றவை எழும். பக்கத்துக் காவல் கொட்டகையோடு பேசும் இன்டர்காம்கூட அதன் வழியாகத்தான்.

அந்தப் பெட்டி காலையில் எழுவதில்லை என்பது புகார். தினமும் ஐந்தரை மணிக்கு ஆபரேட்டர் சுவிட்சைப் போடுவார். பச்சை விளக்கு எரியும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. ஐந்தாறு முறை போட்டுப் போட்டு அணைத்தால் ஒருவழியாக எழும். ஆனால் ரோஸ்லின் வரும் நேரத்துக்கு அது சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும். அவள் அணைப்பாள், போடுவாள். எழும். மறுபடி அணைப்பாள், போடுவாள். எழும். ஏழு நாளில் நானூற்றுச் சொச்சம் முறை போட்டாகிவிட்டது. ஒருமுறைகூடத் தவறவில்லை.

“மேடத்தைப் பார்த்தா பெட்டிக்குப் பயம்மா,” என்று லட்சுமணன் சிரிப்பான். வேலூர்ப் பக்கத்துக்காரன். தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்ததில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

காலை ஐந்தரைக்கே வந்து பார்க்க அனுமதி கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். வெளியாட்களுக்கு ஒன்பது மணிக்கு முன் உள்ளே இடமில்லை என்று இரண்டு முறையும் பதில் வந்தது. அங்கே அவளை விடவும் மாட்டார்கள், இங்கே கம்பெனியில் அவளைத் திரும்பக் கூப்பிடவும் மாட்டார்கள். பிராஜெக்ட் தலைவர் வேதாசலம் தினமும் மாலையில் ஒரே கேள்வியைக் கேட்பார்: “என்னம்மா, ஏதாவது கிடைச்சுதா? இல்லேன்னா ‘கோளாறு ஏதும் இல்லை’ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடு. கைக்கு வெய்ட் பண்றே?”

வேதாசலத்தின் குடும்பம் காஞ்சிபுரத்துப் பக்கம். ஆனால் அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்திராபாத். தமிழில் பாதி உருது கலந்திருக்கும்: எதுக்கு என்பது ‘கைக்கு’, ஆமாம் என்பது ‘ஹவ்’, வேண்டாம் என்பது ‘நக்கோ’. ரோஸ்லின் பிள்ளை பெற்ற பிறகு நாலு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வேலை தேடியபோது, இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டவர் அவர்தான். அதை அவள் மறந்ததில்லை.

இன்னொன்றையும் அவள் மறக்கவில்லை. ஆனால் அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

போன மார்ச் மாதம். பதினோரு பெட்டிகளையும் முப்பத்தொன்றாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் குளிர் அறைக்குள் வைத்து, உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே இறக்கி, எட்டு மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு எழுகிறதா என்று பார்க்க வேண்டும். குளிர் அறையின் கம்ப்ரஸர் பழுதாகிக் கிடந்தது. ரிப்பேர்காரன் பூனாவிலிருந்து வர வேண்டும். “நீ கையெழுத்துப் போட்டுடு ரோஸ்லின். ரிப்பேர் ஆனதும் நாமே பண்ணிப் பாத்துக்கலாம். உன் பேருக்குக் கீழே நானும் போடறேன்,” என்றார் வேதாசலம். பதினோரு தாள்களிலும் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கம்ப்ரஸர் மே மாதம் சரியாயிற்று. அதற்குள் எல்லோரும் அடுத்த பிராஜெக்டில் மூழ்கியிருந்தார்கள்.

ஏழாம் நாள் பகல் ஒரு மணிக்கு லட்சுமணன் சாப்பிடக் கிளம்பினான். சட்டப்படி அவன் போனால் அவளையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுப் போக வேண்டும். போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். இரண்டாம் நாளே இருவரும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள்: அவளை உள்ளேயே விட்டுக் கதவை வெளியில் பூட்டிவிட்டு அவன் போவான், அரை மணியில் வந்துவிடுவான்.

“வந்துர்றேம்மா. ஏசி ஓடுது, கவலப்படாதீங்க.”

பூட்டு விழும் ஓசை கேட்டது. ரோஸ்லின் பெட்டியை அணைத்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதமும் அவித்த முட்டையும். சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவ வழியில்லாமல் காகிதத்தால் துடைத்து மூடினாள். ஒன்றரை ஆயிற்று. இரண்டு ஆயிற்று.

இரண்டேகாலுக்குக் கதவைத் தட்டிப் பார்த்தாள். முதலில் விரல் மடக்கி, பிறகு கைப்பிடியால், பிறகு டப்பாவால். வெளியே எங்கோ தொலைவில் பேண்டு வாத்தியம் முழங்கியது. யாரோ பெரிய அதிகாரி வந்திருக்க வேண்டும், முகாமே மைதானத்தில் நிற்க வேண்டும் என்று புரிந்தது. லட்சுமணனையும் பிடித்து வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். தட்டுவது யார் காதில் விழும்?

ஏசியின் சுவிட்ச் லாரியின் வெளிப்புறப் பலகையில் இருந்தது. உள்ளிருந்து குறைக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது. மேலிருந்து குளிர்காற்று சீறிக்கொண்டே இருந்தது. துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டாள். கால்விரல்கள் விறைத்தன. காற்று நின்றால் மூச்சுக்கு என்ன செய்வது என்ற நினைப்பு வந்ததும், குளிரே பரவாயில்லை என்றிருந்தது. பிறகு அந்த நினைப்பை விரட்ட முடியவில்லை. சுவர்கள் கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், இரண்டு எட்டு நடந்தாள், சுவரில் முட்டி நின்றாள். மூன்றரைக்கு மகள் தாரிணியின் பள்ளிக்கூட பஸ் வீட்டு முனையில் நிற்கும். கணவன் ஆண்டனி வீட்டில்தான் இருக்கிறான், பார்த்துக்கொள்வான். அவன் கம்பெனியில் அவனுக்கு மூன்று மாதமாக வேலை எதுவும் ஒதுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

இரண்டே முக்காலுக்குத்தான் அவளுக்கு இன்டர்காம் ஞாபகம் வந்தது. பெட்டியைப் போட்டால் காவல் கொட்டகையைக் கூப்பிடலாம். அங்கே ஒருவனாவது இருப்பான். ‘இத்தனை நேரம் இது தோணலியே’ என்று தலையில் அடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

சற்று நேரம் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இன்டர்காம் பொத்தானை அழுத்தி “ஹலோ, ஹலோ” என்றாள். செத்துக் கிடந்தது. திரும்ப அணைத்துப் போட்டாள். விளக்கு மட்டும். மூன்றாம் முறை. நான்காம் முறை. “ஐயோ மாதாவே, எழும்பேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அப்போதுதான் மடிக்கணினியைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டியிலிருந்து வரும் கேபிள் அதில் செருகியபடியே இருந்தது. பெட்டி எழும்போது தான் செய்வதையெல்லாம் வரிவரியாக அந்தத் திரைக்கு அனுப்பும். நானூறு முறை அவள் பார்த்துச் சலித்த வரிகள். இப்போது முதல் வரி வந்திருந்தது. இரண்டாவது வரியில் ‘மெமரி’ என்ற சொல்லும் அதன் பக்கத்தில் இரண்டு புள்ளிகளும். அதற்குப் பிறகு வெறும் கறுப்பு.

ஏழு நாளாகத் தேடியது அவள் கண்முன் நின்றது.

கையை நீட்டிப் பெட்டியைத் தொட்டாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது. ஏசியின் வாய் நேரே அதன் மேல்தான் ஊதிக்கொண்டிருந்தது. ஓடும் பெட்டி தன் சூட்டிலேயே இருக்கும், ஊதினாலும் ஒன்றும் ஆகாது. அவளோ ஏழு நாளும் ஒரு நிமிஷம் அணைத்து உடனே போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு ஆறவே நேரம் கொடுக்கவில்லை. இன்றைக்குத்தான் இரண்டு மணி நேரம் அணைந்து கிடந்து, டிசம்பர் விடியற்காலை மாதிரி சில்லிட்டுப் போயிருந்தது.

மீதி எல்லாம் தானாக அவிழ்ந்தது. மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் கெபாசிட்டர்கள் குளிரில் மந்தமாகும். மெமரிக்குப் போதுமான மின்சாரம் வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் பிராசஸர் விழித்துக்கொண்டு மெமரியைக் கூப்பிடுகிறது. பதில் வருவதில்லை. வாயைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறது. முதலில் எழுதிய புரோகிராமில் அந்த இடத்தில் அரை வினாடி காத்திருப்பு இருந்தது. பெட்டி முப்பது வினாடிக்குள் எழ வேண்டும் என்ற கட்டாயத்துக்காக அங்கங்கே இருந்த காத்திருப்புகளையெல்லாம் நறுக்கியபோது இதையும் நறுக்கியது யார்? ரோஸ்லின்தான். குளிர் அறைக்குள் ஒரு நாள் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

துப்பட்டாவை அவிழ்த்துப் பெட்டியைச் சுற்றினாள். மடிக்கணினியின் பக்கவாட்டில் வரும் சூடான காற்று பெட்டிமேல் படும்படி திருப்பி வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் ஒட்டிவைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள். உடம்பு நடுங்கியது. ஒரு மணி நேரம் கழித்துச் சுவிட்சைப் போட்டபோது பெட்டி எழுந்தது. வரிகள் மளமளவென்று ஓடின. இன்டர்காமில் கரகரவென்று சத்தம் வந்தது.

பொத்தானில் விரலை வைத்தவள் அழுத்தவில்லை. அழுத்தினால், இத்தனை நேரம் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார்கள்; பெட்டி எழவில்லை என்று சொல்ல வேண்டிவரும்.

இந்தக் கோளாறை வேறு யாரும் பார்க்கவில்லை. பார்த்தவள் அவள் ஒருத்திதான். இதைச் சொன்னால் மார்ச் மாதத்துத் தாளை எடுத்து வைத்து ‘அன்றைக்கு எப்படித் தேர்ச்சி பெற்றது’ என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் இன்று மாலையே இந்தத் தகர அறையிலிருந்து விடுதலை. நாளையிலிருந்து கச்சிபௌலியில் தன் நாற்காலி. கதவு பூட்டியிருந்ததைவிட இது மூச்சை அடைத்தது. பூட்டுக்காவது சாவி வைத்திருப்பவன் ஒருவன் இருக்கிறான்.

அவள் முடிவெடுக்குமுன் கதவு திறந்தது. மணி நாலு பத்து. லட்சுமணன் வேர்த்து வடிய நின்றான்.

“அம்மா, மன்னிச்சுக்கோங்கம்மா. ஜெனரல் வந்துட்டாரு, புடிச்சு நிக்க வெச்சுட்டாங்க. நவுரவே வுடல.” அவள் முகத்தையும் பெட்டியில் சுற்றியிருந்த துப்பட்டாவையும் மாறி மாறிப் பார்த்தான். “இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. அடுத்த மாசம் பிரமோஷன் போர்டு. இது தெரிஞ்சா அவ்ளோதான்.”

“சொல்ல மாட்டேன்,” என்றாள். வெயிலில் இறங்கியதும் கண் கூசியது. அழுகை வந்துவிடும் போலிருந்தது, அடக்கிக்கொண்டாள்.

வாசலில் கைபேசியை வாங்கியதும் ஆண்டனியின் அழைப்புகள் மூன்று. “என்ன ரோஸி, போனையே எடுக்க மாட்டேங்குத? புள்ள வந்துட்டா, தோசை சுட்டுக் குடுத்துட்டேன்.”

“வாரேங்க. வந்து சொல்லுதேன்.”

ஆனால் முதலில் ஆபீசுக்குத்தான் போனாள். வேதாசலம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. முகத்தில் நிம்மதிகூடத் தெரிந்தது.

“அரை செகண்ட் தானே? போட்டுடு. சாஃப்ட்வேர் அப்டேட்டுனு எழுது. பதினோரு வண்டியிலேயும் ஏத்திட்டு வந்துடு. கதை முடிஞ்சுது.”

“இது இங்கத்த குளிருக்குச் சரியாயிரும் சார். வண்டியெல்லாம் ஜனவரியில வடக்க போகுது. அங்க மைனஸ் இருபது. அந்தக் குளிர்ல வேற என்னென்ன எழும்பாம போகும்னு நமக்குத் தெரியாது. ஒருநாள்கூட நாம வச்சுப் பாக்கலியே.”

“ஹவ், பாக்கல. இப்போ என்னங்கறே?”

“சொல்லிட்டு, டெஸ்டை முதல்லயிருந்து பண்ணிருவோம் சார்.”

“நக்கோம்மா.” அவர் குரல் தணிந்தது. “சொன்னா அடுத்த ஆர்டர் கிடையாது. இந்த டீம்ல இருபத்தாறு பேர். வெளியில நிலைமை தெரியும்ல? உன் வீட்லயே ஒருத்தர் பெஞ்சில இருக்காரு. அதுமட்டுமில்ல, முதல் கையெழுத்து யாருதுன்னு யோசிச்சியா?”

யோசித்திருந்தாள். எழுந்து வந்தாள்.

வீட்டில் ஆண்டனியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தாரிணி வீட்டுப்பாட நோட்டோடு வந்து, “மம்மி, சைன் செய்யி,” என்று தெலுங்கில் கேட்டாள். ரோஸ்லின் பேனாவை வாங்கி, பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் வாசித்தாள். குழந்தை பொறுமையிழந்து காலை உதைத்தது.

“உனக்கு வேல போயிரும்,” என்றான் ஆண்டனி.

“போயிட்டாப் பரவால்ல. அந்த டப்பாக்குள்ள மூணு மணி நேரம் கெடந்தேன்லா. கூப்பிட ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு, அது எழும்பல. இந்த ஊர்னதால பொழச்சேன். பனிக்குள்ள எவனாவது இப்படி உக்காந்து சுவிட்சைப் போட்டுக்கிட்டு இருப்பான்.”

“வேதாசலம் சார்?”

“அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்னு தெரியல,” என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அந்த வண்டிகளுக்குப் பொறுப்பான மேஜர் தேஷ்பாண்டேயின் அறையில் நின்றாள். துணைக்கு வந்த லட்சுமணன் கதவோரம் விறைப்பாக நின்றான். மேஜர் ஆங்கிலத்தில் கேட்க, அவளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். நேற்றுப் பெட்டியை அணைத்து ஏசிக் காற்றில் இரண்டு மணி நேரம் விட்டுப் பார்த்ததாகவும், எழவில்லை என்றும், காரணம் இன்னது, மருந்து இன்னது என்றும் விளக்கினாள். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. லட்சுமணன் மூச்சு விடும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

மேஜர் எதிர்பார்த்தபடியே கோப்பைத் திறந்தார். “மார்ச் இருபத்தெட்டாம் தேதி இதே பெட்டி மைனஸ் இருபதில் எழுந்திருக்கிறது. இங்கே பதினொரு டிகிரியில் எழவில்லை. எப்படி?”

ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கெபாசிட்டர்கள் நாளாவட்டத்தில் பலம் குறையும் என்று சொல்லலாம். பாதி உண்மையும்கூட. அவர் நம்பிவிடுவார்.

“அந்த டெஸ்ட் நடக்கவில்லை, சார். குளிர் அறை பழுதாகியிருந்தது. செய்யாமலே கையெழுத்துப் போட்டேன். பதினொன்றுக்கும்.”

மேஜர் கோப்பை மூடினார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

“எழுதுங்கள்.”

நின்றுகொண்டே எழுதினாள். வேதாசலத்தின் பெயர் வரும் இடத்தில் பேனா நின்றது. எழுதாமல் விடலாம். ஆனால் அந்தக் கையெழுத்து ஏற்கெனவே தாளில் இருந்தது. “என் மேலதிகாரியும் அறிவார்” என்று எழுதினாள்.

வெளியே வந்ததும் லட்சுமணன் அவளை வாசல் வரைக்கும் நடத்திக்கொண்டு போனான். கைபேசியை அவள் வாங்கும்போது, “நல்லா இருங்கம்மா,” என்று மட்டும் சொன்னான்.

வண்டிகள் வடக்கே போகவில்லை. பதினோரு பெட்டிகளும் கம்பெனிக்குத் திரும்பின. விசாரணை என்று ஒன்று தொடங்கியது. ரோஸ்லின் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை அவளை விடுவிக்கக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு வந்திருப்பதாகச் சொல்லி, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேலையிலிருந்து நீக்கவும் இல்லை. பெட்டிகளை அவளைவிட அறிந்தவர் வேறு யாருமில்லை. எனவே, இனி எந்தச் சோதனைத் தாளிலும் அவள் கையெழுத்திடக் கூடாது என்று ஒரு கடிதம் கொடுத்து, குளிர் அறையில் உட்கார வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் மேஜைக்கு யாரும் வருவதில்லை. இருபத்தாறு பேரில் பலருக்கு அவள்தான் தங்கள் சோற்றில் மண்ணைப் போட்டவள். ஆண்டனிக்குச் சென்னையில் வேறு வேலை கிடைத்தது; தாரிணியையும் அழைத்துக்கொண்டு போனான். ரோஸ்லின் சனிக்கிழமைதோறும் ரயிலேறிப் போய், திங்கட்கிழமை காலை திரும்பி வந்தாள்.

குளிர் அறையில் ஒவ்வொரு பெட்டியாக இறங்கியது. அரை வினாடி காத்திருப்பு எல்லாவற்றுக்கும் போட்டிருந்தாள். ஏழு எழுந்தன. நான்கு எழவில்லை. குளிரில் சுருங்கிய ஒரு கனெக்டர் அவற்றில் விலகிப் போயிருந்தது. அவளாலோ வேறு யாராலோ யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாத ஒன்று. கனெக்டரை மாற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

ஏப்ரலில் ஒரு நாள் வேதாசலம் குளிர் அறைப் பக்கம் வந்தார். நான்கு மாதத்தில் அவர் அவளிடம் நேராகப் பேசியதில்லை. அவரைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். கண்ணாடிவழியே உள்ளே பார்த்தபடி நின்றார்.

“அந்த நாலு பெட்டி... அப்டேட் போட்டு அனுப்பியிருந்தா அப்படியே போயிருக்கும், இல்ல?”

“ஆமா சார்.”

அவர் தலையை ஆட்டினார். “அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கோ, கண்ணாடிக்கு இந்தப் பக்கமே ஜில்லுனு இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் கடைசியில் பதினோராவது பெட்டியின் முறை வந்தது. கையெழுத்திட வந்திருந்த ஆய்வாளர் எட்டு மணி நேரம் கழித்துச் சுவிட்சைப் போட்டார். ரோஸ்லின் திரையைப் பார்த்து வரிகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தாள். இருபத்தெட்டாவது வினாடியில் பெட்டி எழுந்தது. ஆய்வாளர் நேரத்தைக் குறித்துக்கொண்டு, எழுத வெளிச்சம் போதவில்லை, கொஞ்சம் நகருங்கள் என்றார். நகர்ந்து நின்றாள். விசாரணை எப்போது முடியும் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார்.

அவர் போன பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சென்னைக்குப் போன் செய்தாள்.

“பதினொண்ணும் எழும்பிருச்சுங்க,” என்றாள்.

“நீ எப்ப வருவ?” என்றான் ஆண்டனி.

“தெரியல. சனிக்கிழமை வாரேன்.”